கலீல் பாய் செய்யும் அழுக்கு

புதுச் சட்டையின் காலரைச் செங்கல்லில் தேய்த்துக்கொண்டிருக்கிறார் கலீலுல்லா. கடை மடிப்புக்கூடக் கலையாத சட்டை. விலைச்சீட்டு இன்னும் பொத்தானில் தொங்குகிறது. பக்கத்தில் அதே மாதிரி இருபது சட்டைகள் முறைக்காகக் காத்துக் கிடக்கின்றன. தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். திருப்தியில்லை. தேங்காய்த் துருவியை எடுத்துக் கை மடிப்பில் இரண்டு இழு இழுக்கிறார். நூல் பிசிறடித்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. "இப்பதான் சார் இவன் மூணு புள்ள பெத்தவன். காத்தால வரைக்கும் புது மாப்ள" என்கிறார்.

கலீலுல்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் வீட்டின் மொட்டைமாடிதான் அவர் பட்டறை. இருபது வருடம் சட்டை தைத்தவர், பத்து வருடமாகச் சட்டையைக் கெடுக்கிறார். வெளிநாட்டுப் படக்காரர்கள் நம் பக்கம் வந்து ஏழைகளைப் படம் பிடிக்கும்போது, அந்த ஏழைகள் உடுத்தப்போகும் துணியை ஏழையாக்கித் தருவது அவர் தொழில். தெருவில் யாராவது என்ன வேலை என்று விசாரித்தால், "துணிக்கு வயசாக்குறேன்" என்பார். கேட்டவர் தலையைச் சொறிந்துகொண்டு போவார். ஊர்த்துணியெல்லாம் வெளுத்துக் கொடுத்த பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, வெளுத்த துணியை அழுக்காக்கிப் பிழைக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

மாடிச் சுவரோரம் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஒன்றில் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், முகப்பவுடர் போல மெல்லியது, துணியில் படிந்தால் உதறினாலும் போகாது. ஒன்றில் மணலிப் பக்கத்து லாரி ஷெட்டிலிருந்து கேட்டு வாங்கிவந்த கறுத்த கிரீஸ். ஒன்றில் காசிமேட்டு உப்புத் தண்ணீர். அதில் நனைத்துக் காயவைத்தால் வலை இழுக்கிறவர் முதுகில் தெரிவதுபோலச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். ஒருவர் சட்டையைப் பார்த்தே அவர் எந்தக் கேட்டுக்குள் வேலைக்கு நுழைகிறவர் என்று சொல்லிவிடுவார் மனிதர். இத்தனை வித்தையும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தேவைப்பட்டதேயில்லை. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் டீத்தூள் டிகாக்‌ஷன்.

"அவங்களுக்கு அழுக்குன்னா ஒரே கலரு சார், பிரவுனு. மெட்ராஸ்னாலும் பிரவுனு, ஆப்பிரிக்கான்னாலும் பிரவுனு. நான் சாம்பல காட்டுனா, இது அழுக்கு மாதிரியே தெரிலயேங்கறாங்க. இன்னா பண்றது, மூடி வச்சுகினேன்."

அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். அந்தப் படங்களில் கதாநாயகன் தன் ஊரில் இருக்கிறவரை வெளிச்சம் நீலமாக, குளுகுளுவென்று இருக்கிறது. விமானம் ஏறி நம் மாதிரி ஊரில் இறங்கினானோ இல்லையோ, வானம், மரம், மனிதர் எல்லாம் மஞ்சள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு கோழி குறுக்கே ஓடும். மூக்கொழுகும் குழந்தை ஒன்று கேமராவையே பார்க்கும். நம்மை ஆண்டுவிட்டுப் போனவர்கள் அந்தப் பக்கம் கப்பல் ஏறியதிலிருந்து இங்கே ஒருவரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை என்றே தோன்றும்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அப்படிப்பட்ட ஒரு படத்தைப் பற்றி, வறுமையின் முகத்தை ஒப்பனையில்லாமல் காட்டியிருக்கிறார்கள் என்று இதே பத்திரிகையில் உருகி உருகி எழுதியவன் நான். அந்தப் படத்தின் துணிமணிக்கெல்லாம் ஒப்பனை போட்டவரே கலீல் பாய்தான் என்பது பிறகு தெரிந்தது. கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஷோக்கா எழுதிக்கிறீங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அதுல யாருனா வேலைக்கு லேட்டாயிடுச்சேன்னு ஓடுனாங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். இரண்டேகால் மணி நேரப் படம். ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படம் பார்ப்பதிலும் அவர் வழி தனி வழி. முகத்தைப் பார்க்கமாட்டார், வசனத்தைக் கேட்கமாட்டார். கூட்டக் காட்சி வந்தால் செல்போனை நிறுத்திவிட்டு விரலால் தொட்டுக் காட்டுவார். "தோ பாரு, நம்ம பனியன்." ஒருமுறை அவர் செய்த கோடுபோட்ட சட்டை ஒன்று கம்பெனிக்காரர்களின் பெட்டியோடு போய், வேறு இரண்டு படங்களில் வேறு இரண்டு தேசத்து ஏழைகளின் மேல் ஏறியிருந்தது. ஒரே சட்டை மூன்று நாட்டில் பட்டினி கிடந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பில் கர்வமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு இன்னொரு வேலை, இருப்பதைக் கழற்ற வைப்பது. "செருப்ப கழட்டு, வாட்ச கழட்டு, செல்ல உள்ள போடு. ஒரு பொண்ணு ஸ்கூல் யூனிபாரத்துல ரிப்பன் கட்டிகினு வந்து நிக்குது, அதையும் மாத்தச் சொல்றாங்க. எங்க தெருவுல செருப்பில்லாம நடக்குறவரு மாலை போட்ட சாமி மட்டும்தான் சார்."

இப்படியெல்லாம் பேசுகிறவர் ஏன் அந்த வேலையைச் செய்கிறார் என்று கேட்கத் தோன்றும். கேட்டேன். "தொழில் சார். பொய்யா இருந்தாலும் நல்லா செய்யணும்ல" என்றார். பதினொரு படம் அப்படி நல்லாச் செய்திருக்கிறார். ஒன்றிலும் அவர் பெயர் வந்ததில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர் மனைவி ரஹீமுன்னிசா செல்போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் தேடுவார். நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர் பெயர் வரும், டீ கொடுத்தவர் பெயர் வரும். "நாய மேச்சவன் பேரு கீது, உங்க பேரு இல்ல" என்று போனைக் கவிழ்த்து வைப்பார். பன்னிரண்டாவது படத்தில்தான் அது மாறுவதாக இருந்தது. உடைகளைக் கவனிக்க வந்திருந்த வெள்ளைக்கார மேடம், வேலை கச்சிதமாக முடிந்தால் பெயரைப் போடுவதாகவும், அடுத்து எண்ணூரில் எடுக்கப்போகும் படத்தில் துணிப் பொறுப்பு முழுவதையும் அவரிடமே விடுவதாகவும் சொல்லியிருந்தார். கலீல் பாய் அன்றைக்கே தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்குக்குள் அந்தப் படத்தின் படப்பிடிப்பு. வெள்ள நிவாரண முகாம் காட்சி. வெளிநாட்டுப் பெண் பத்திரிகையாளர் ஒருவர் வந்து, பார்த்து, மனம் மாறித் திரும்பிப் போகிற கதை. மனம் எப்போதும் வந்தவருக்குத்தான் மாறும். இருப்பவர்களுக்கு மாற்றிக்கொள்ள ஒரு மனம் உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. துணை நடிகர்கள் வேண்டாம், நிஜமாகவே வெள்ளம் பார்த்த ஜனங்கள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்க, உள்ளூர்த் தயாரிப்பு நிர்வாகி அருள்நாதன் மணலிப் பக்கத்துச் சடையங்குப்பத்திலிருந்து நாற்பது பேரை இரண்டு வேனில் அழைத்து வந்தார். கலீல் பாய் கூப்பிட்டதால் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

வந்தவர்கள் பளிச்சென்று வந்து இறங்கினார்கள். படம் பிடிக்கப்போகிறார்கள் என்றால் யார்தான் அப்படி வரமாட்டார்கள்? முன்னால் நின்றவர் குப்பம்மா. ஐம்பதைத் தாண்டியவர், குரல் பெரிது. ரோஜா நிறச் சேலை, தலையில் கனகாம்பரம். அருள்நாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளத்துல மாட்டுன சீனும்மா இது! கல்யாணத்துக்கா வந்துகிற?"

"தெரியும் நைனா" என்றார் குப்பம்மா. "தண்ணி வந்துச்சுன்னா நல்ல சேலையதான் மொதல்ல எடுத்து கட்டிக்குவோம். ஒடம்புல கீறதுதான் மிஞ்சும். மத்ததெல்லாம் தண்ணி இட்டுகினு பூடும். உனுக்கு இன்னா தெரியும்?"

அருள்நாதன் இதை மேடத்திடம் இங்கிலீஷில் சொன்னார். மேடம் நெஞ்சில் கைவைத்து, எவ்வளவு அழகான விஷயம் என்று நெகிழ்ந்தார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியது. நல்ல மனுஷிதான். பிறகு, கலீல் பாய் செய்து வைத்திருந்த டீத்தூள் சேலையைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னார், முந்தானையில் ஒரு சாண் கிழிசல் தெரியும்படி. அன்று முழுக்க அந்த முந்தானையையும் குப்பம்மாவின் முகத்தையும் நெருக்கத்தில் எடுத்தார்கள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வேன்காரர் அவசரப்படுத்தினார். நாளைக்கும் இதே காட்சிதான், இதையே கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று அருள்நாதன் சொல்லி அனுப்பிவிட்டார். வழக்கமாக ஒவ்வொரு துணியையும் கேட்டு வாங்கிச் சுருட்டி மூட்டை கட்டும் கலீல் பாய், அன்றைக்குச் சரியென்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை வேன் கதவு திறந்ததும் சோப்பு வாசனை முதலில் இறங்கியது. பின்னால் நாற்பது பேரும் இறங்கினார்கள். அத்தனை துணியும் துவைத்து, கஞ்சி போட்டு, வீட்டுக்குள் ஃபேன் காற்றில் காயவைத்தது. சிலது இஸ்திரியும் பார்த்திருந்தது. டீக்கறை முக்கால்வாசி போயிருந்தது. நான் சிரித்துவிட்டேன். கலீல் பாய் சிரிக்கவில்லை.

"இன்னா யக்கா பண்ணி வச்சுக்கிற?" என்றார்.

"இரவல் துணிய கலீஜா திருப்பிக் குடுப்பாங்களா பாய்? நாலு பேரு இன்னா நெனைப்பாங்க? எல்லாராண்டயும் சொல்லி நான்தான் துவைக்க வச்சேன்" என்று குப்பம்மா பெருமையாகச் சொன்னார். "லாரித் தண்ணில ரெண்டு கொடம் மிச்சம் வச்சு அலசுனேன். இத்த பாரு, கிழிஞ்சுகூட பூட்டிருந்துச்சு. தச்சுட்டேன்."

முந்தானையை நீட்டிக் காட்டினார். கலீல் பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். கடை நூல் இல்லை. அதே சேலையின் ஓரத்திலிருந்து இழை உருவி, தறியில் ஓட்டியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்திருந்தது. ஒரு சாண் கிழிசல் இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

"யாராண்ட கத்துகின?"

"அய்ய, இதுக்கு ஒரு வாத்தியாரா?"

அதற்குள் மேடம் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது. நேற்று எடுத்த பாதிக் காட்சியோடு இன்றைக்கு எடுப்பது ஒட்டவே ஒட்டாது. யார் செய்தது என்று கேட்டார். அருள்நாதன் குப்பம்மா பக்கம் திரும்பி, "அறிவு கீதா உங்களுக்கு?" என்று கத்தினார். இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கோடம்பாக்கத்திலிருந்து ஆள் இறக்கலாம் என்றும் மேடத்திடம் சொன்னார். குப்பம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் சேலை நுனியைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

கலீல் பாய் நடுவில் போய் நின்றார். "அவங்க மேல தப்பு இல்ல. துவைக்கக் கூடாதுன்னு சொல்ல வேண்டியவன் நானு. சொல்லல. மேடத்தாண்ட அப்டியே சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "துவைக்காதீங்கன்னு பொம்பளைங்களாண்ட எந்த வாயால சார் சொல்றது?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் தருகிறேன், எல்லாம் நேற்றுப்போல் ஆகிவிட வேண்டும் என்றார். அடுத்த படத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றுத்துணி யாரிடமும் இல்லை. கட்டிக்கொண்டு நின்றபடியேதான் அழுக்காக்க வேண்டும். டிகாக்‌ஷன் நிரப்பிய ஸ்ப்ரேயரைக் கலீல் பாய் எடுத்து வந்தார். இத்தனை வருடமும் அவர் தெளித்ததெல்லாம் கொடியில் தொங்கிய துணிமேல். இன்றைக்கு அதற்குள் ஆட்கள் நின்றார்கள்.

"இன்னாத்துக்கு பாய்?" என்றார் குப்பம்மா. "நாங்க துவைக்கவே மாட்டோம்னு அவங்க ஊர்ல சொல்லி வச்சுக்கிறாங்களா?"

இதை அருள்நாதன் மேடத்திடம் கொண்டுபோகவில்லை.

"வேலை யக்கா. மன்னிச்சுக்க."

குப்பம்மா அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் இரக்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "உன் பொழப்புல மண்ணு வேணாம். அடி" என்று முதல் ஆளாக வந்து நின்றார். கலீல் பாய் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தெளித்தார். ஒரு குழந்தை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. ஒரு பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கஞ்சி போட்ட துணியில் பழுப்புத் தண்ணீர் ஓடி இறங்கியது. இதையெல்லாம் திரையில் பார்த்து உருகி எழுதியவன் நான்.

ஒரு மணி நேரத்தில் மேடம் திரும்பி வந்தார். வரிசையைப் பார்த்தார், தலையசைத்தார். தூரத்தில் நிற்பவர்களின் கிழிசல் தெரியாவிட்டால் பரவாயில்லை, இந்த அம்மாளின் முந்தானை மட்டும் நேற்றுப்போல் கிழிந்திருக்க வேண்டும், அது நெருக்கத்தில் வருகிறது என்றார். அருள்நாதன் ஒரு பிளேடை எடுத்துக் கலீல் பாயிடம் கொடுத்தார்.

குப்பம்மா முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "அறு பாய். நூலுதான" என்றார், வேறெங்கோ பார்த்தபடி. கலீல் பாய் குனிந்தார். தையல் முடிந்த இடத்தில், முடிச்சுக்குக் கீழே, கடித்து விட்ட நூல் ஒன்று விரற்கடை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நுனியை மட்டும் ஒட்ட அறுத்தார். தையலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டார். பிறகு பிளேடைக் காகிதத்தில் சுற்றி அருள்நாதனிடமே திருப்பிக் கொடுத்தார்.