குழம்புக் கிண்ணத்தின் மூடி

என் சமையலறை அலமாரியில் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி இருக்கிறது. என் அண்ணன் துறைமுகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோன டப்பாவுக்குள் குழம்புக்கென்று தனியாக ஒரு கிண்ணம் உண்டு. அதன் மூடி. கிண்ணம் எங்கே போனதென்று தெரியாது. மூடியின் உட்புறத்தில் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கரிவட்டம் படிந்திருக்கிறது. தேங்காய் நாரால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா அதைப் பழைய இரும்புக்குப் போடும் பையில் சேர்த்துவிடுவார். நான் எடுத்து மறுபடி அலமாரியில் வைப்பேன். மெழுகுவர்த்தியை அணைக்கிற மூடி என்று ஒருநாள் சொன்னேன். “ஏன், ஊதினா அணையாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லர்புரம் வீட்டில் அம்மா, மைனி, நான் என்று மூன்று பெண்கள் மிஞ்சினோம். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். மைனி அண்ணனின் மனைவி. பெரியதாழைக்காரர். அவருடைய கூடப்பிறந்தவர்கள் வந்து கூப்பிட்டார்கள். “அங்கன வந்தா நான் விருந்தாளி. இங்கனன்னா நான் வீட்டுக்காரி,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன கையோடு ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்.

மெழுகுவர்த்தி அவருக்குப் புதிதில்லை. பெரியதாழையில் அவர் அப்பா சர்ச்சுக்குப் போகும் வழியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள் மெழுகுதிரி கேட்டு வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். வாசனை மெழுகுவர்த்தி செய்வதைச் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் அடுப்பு வைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, மெழுகுக் கட்டியை உருக்குவார். தாழம்பூ, மல்லிகை, சந்தனம் என்று வாசனை எண்ணெய் விடுவார். சுக்குக் காபி வாசனையில் ஒன்று செய்தார். அது அவ்வளவு அசலாக இருந்ததால், வாசனை பிடித்துவிட்டு என் சிநேகிதி ஒருத்தி நாக்கை நீட்டிவிட்டாள்.

முதலில் நீள மெழுகுவர்த்தியாக அச்சில் வார்த்து, ஃபேன்ஸி ஸ்டோர் அண்ணாச்சி கடையில் கொண்டுபோய் அடுக்கினோம். எங்கள் ஊர் வெயில் லேசுப்பட்டதல்ல. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் எல்லாம் இடுப்பை வளைத்து, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றன. அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. “எம்மா, கரண்டு போனாத்தான் மெழுகுவர்த்தி வாங்குவாவ. கரண்டு இருக்கையில எவம் வாங்குவான்? அதுலயும் இது கூனிக்கிட்டு நிக்கி,” என்றார். மைனி எல்லாவற்றையும் அள்ளிவந்து உருக்கி, கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினார். அதற்குப் பிறகு எதுவும் வளையவில்லை. ஆனாலும் அண்ணாச்சி அலமாரியில் இடம் தரவில்லை.

அப்போதுதான் வீடு வீடாக ஆட்களைக் கூட்டி விற்கும் யோசனை வந்தது. பக்கத்து வீட்டு டீச்சர்தான் ஆரம்பித்து வைத்தார். ஒரு வீட்டில் சாயங்காலம் ஏழெட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்காருவார்கள். முறுக்கும் காபியும் வீட்டுக்காரி செலவு. நான் வேலை முடிந்து வந்து மைனியை ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன். தட்டில் தம்ளர்களை அடுக்கி, குழல் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, மைனி தீப்பெட்டியை எடுத்து வீட்டுக்காரியின் கையில் கொடுப்பார். “ஏளா, நீ பொருத்து. ஓங் கையால பொருத்தினாத்தான் ஓன் வீட்டுக்கு வாசம் நிக்கும்,” என்பார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பொருத்துவாள். கூட்டம் ‘ஆ’ என்று மூச்சை இழுக்கும். எல்லோரும் முகர்ந்து பார்த்த பிறகு மைனி கைப்பையிலிருந்து அந்தக் குழம்புக் கிண்ண மூடியை எடுத்து, தம்ளர் வாயில் கவிழ்த்து மெதுவாக அணைப்பார். எங்கள் பக்கத்தில் விளக்கை வாயால் ஊதுவது ஆகாது. அந்த மூடி தம்ளருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும்.

தீப்பெட்டி விஷயத்தை நான் சரியான வியாபாரத் தந்திரம் என்றே நினைத்தேன். தன் கையால் பொருத்தியவள் வாங்காமல் விடுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் கோட்டும் டையுமாக வந்து பேசிவிட்டுப் போகிறவர்களுக்குக்கூட இந்தச் சாமர்த்தியம் இல்லை என்று மைனியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்.

ஒருநாள் ஒரு வீட்டில், தீப்பெட்டியை நீட்டியதும் வீட்டுக்காரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “நான் வீட்டுக்குத் தூரம் மைனி. நீங்களே பொருத்துங்க,” என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினால், அவள் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு என்றாள். இன்னொருத்தி கையெல்லாம் முறுக்கு எண்ணெய் என்று தூக்கிக் காட்டினாள். ஒரு மெழுகுவர்த்தியைப் பொருத்த ஆள் கிடைக்காமல் ஒரு கூட்டமே இருட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குச் சிரிப்பாக இருந்தது. “நீங்களே பொருத்துங்களேன்” என்று எல்லோரும் மைனியைப் பார்த்தார்கள். மைனி தீப்பெட்டியை என் மடியில் போட்டார். “எங் கை ஈரமா இருக்கு. நீ பொருத்துளா.” கை ஈரமாக இல்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து சொன்னார். “மொத மொத பொருத்துனது நம்ம வீட்டுலதாம்ளா. டீச்சரும் இன்னும் ரெண்டு பேரும் பாக்க வந்திருந்தாவ. விளக்கு வைக்குற நேரம். பொருத்திப் பட்டாசாலையில வச்சேன். அத்தை அடுக்களையில இருந்து வந்தாவ. ஊதி அணைச்சுட்டுப் போய்ட்டாவ.”

“ஊதியா?”

“ஊதித்தான்.”

நான் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். என் பிறந்தநாள் கேக்கில்கூட ஊத விடாமல் கையை விசிறி அணைக்கச் சொன்ன அம்மா. எங்கள் வீட்டில் அண்ணன் போன பிறகு சாமி விளக்கைப் பொருத்துவது என் வேலையாகியிருந்தது. அதற்கு முன்பு மைனி பொருத்துவார், அவர் வருவதற்கு முன்பு அண்ணன். அப்பா இறந்த நாளிலிருந்து அம்மா விளக்கைத் தொட்டதில்லை. நான் அலுவலகத்தில் தாமதமானால், இரண்டு பெண்கள் வீட்டில் இருந்தும் விளக்கு இருண்டே கிடக்கும். கப்பல் வந்த நாட்களில் வெகுநேரம் கிடக்கும். அதைப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேனே தவிர, கரண்டு போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியும் அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் சொன்னாள். “வந்தவளுவ வெளிய போயி என்ன பேசுவாளுவன்னு எனக்குத் தெரியும். தாலியறுத்தவ விளக்குப் பொருத்துதான்னு என்னயச் சொன்னாளுவ, ஒரு கல்யாண வீட்டுல, அத்தன பேருக்கு முன்ன. அவளும் கேக்கணுமா? அதுக்கு நானே அணைச்சிரலாம்னு அணைச்சேன்.” எனக்குப் புரிந்தது. கோபமும் போகவில்லை.

இதற்குள் மில்லர்புரத்தில் எங்கள் தெருவைச் சுற்றி எல்லா வீட்டிலும் மைனியின் கூட்டம் நடந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. “ஊரெல்லாம் வச்சாச்சு, ஒங்க வீட்டுல எப்ப?” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். விற்கிறவள் வீட்டிலேயே அந்தச் சாமானுக்கு இடமில்லை என்று பேச்சு வந்தால் தொழில் படுத்துவிடும். மைனி அம்மாவிடம் நேராகவே கேட்டார். அம்மா, “வைங்க. இவ பொருத்தட்டும்,” என்று என்னைக் காட்டினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். பட்டாசாலைக் கூடம் நிறையப் பெண்கள். டீச்சர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா முறுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள். மைனி தட்டை அடுக்கி முடிக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. உடனே ஆளுக்கு ஒரு செல்போன் வெளிச்சம் எழுந்தது. கீழிருந்து அடித்த வெளிச்சத்தில் எல்லோரும் பேய் மாதிரி தெரிய, ஒரு கைக்குழந்தை வீறிட்டது. “நல்ல கூத்துளா இது! மெழுகுவர்த்தி விக்குற வீட்டுல செல்போன் வெளிச்சமா?” என்று ஒருத்தி சொன்னதும் சிரிப்பு கிளம்பியது. ‘பொருத்துங்க, பொருத்துங்க’ என்று நாலா பக்கமும் சத்தம்.

தீப்பெட்டி மைனியின் கையில் இருந்தது. நான் வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்தார்.

“அத்தை, நான் பொருத்தட்டுமா?”

மருமகள் மாமியாரிடம் மரியாதைக்குக் கேட்கிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அம்மா ஊதி அணைத்த அன்றைக்குக் கூட இருந்த டீச்சருக்குத் தெரியும். அவர் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார். தகர ஷெட்டின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. அம்மா இப்போது ‘வேண்டாம்’ என்று சொன்னால், இந்த வீட்டை விட்டு மைனியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று எனக்குள் ஒரு வெறி வந்தது. எங்கே போவேன் என்று தெரியாது.

அம்மா வந்தாள். வருகிற வழியில் ஒருத்தியின் தோளைப் பிடித்து, முழங்காலை மெல்ல மடக்கி, மைனிக்கு எதிரே உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கையச் சுட்டுக்கிடாதளா. நான் பிடிச்சுக்கிடுதேன், நீ பொருத்து.”

மழை ஈரத்தில் முதல் குச்சி நமுத்துப் போயிருந்தது. அடுத்த குச்சி ஒடிந்தது. “இன்னொண்ணு எடு” என்றாள் அம்மா. அது பற்றியது. தாழம்பூ வாசனை எழுந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சுடரைப் பார்த்தது. மைனி அழவில்லை. நான்தான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கொஞ்சநேரத்தில் கரண்டு வந்துவிட்டது. மைனி வழக்கம்போல் அணைப்பதற்கு மூடியை எடுத்தார். அம்மா அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, மூடியைப் பார்த்ததில்லை. கையை நீட்டி வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள்.

“இது அவன் டப்பா மூடில்லா?”

“ஆமா அத்தை.”

கரிவட்டத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு மூடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அது எரியட்டும்,” என்றாள். வந்தவர்கள் விலை கேட்டு, வாங்கி, குடை தேடி, ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்வரை அந்தச் சுடர் குழல் விளக்கு வெளிச்சத்தில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. மூடியை அம்மா திருப்பித் தரவில்லை. மைனி வேறு தகர மூடிகள் வாங்கிக்கொண்டார்.

இப்போது அண்ணாச்சி கடையில் மைனிக்கு ஒரு தட்டு முழுதாக இருக்கிறது. கரண்டு இருக்கும்போதும் வாங்குகிறார்கள் என்பதை அண்ணாச்சி இன்னும் நம்ப முடியாமல்தான் விற்கிறார். கூட்டங்களும் நடக்கின்றன. தீப்பெட்டியை மைனி யாரிடமும் கொடுப்பதில்லையாம், முதல் மெழுகுவர்த்தியை அவரே பொருத்திவிடுகிறாராம். ஓரிரு வீட்டில் முகம் சுளித்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு அடுத்த முறை போவதில்லை, அவ்வளவுதான். அம்மா இன்றுவரை தன் காசு கொடுத்து ஒரு மெழுகுவர்த்தி வாங்கியதில்லை.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோது, அம்மா தன் பெட்டியிலிருந்து மூடியை எடுத்து என் சாமான்களோடு வைத்தாள். சாயங்காலம் நான் ஊருக்குப் போன் பேசினால், “மைனி விளக்குப் பொருத்திக்கிட்டு இருக்கா, பொறவு பேசு” என்று வைத்துவிடுகிறாள். நானும் மைனி எனக்கென்று கொஞ்சமாக மெழுகு ஊற்றி அனுப்பும் தம்ளரில் ஒன்றைப் பொருத்தி வைக்கிறேன். படுக்கப் போகும்முன் அணைக்க வேண்டுமே என்று அலமாரியிலிருந்து மூடியை எடுத்துவந்து உட்காருகிறேன். கரிவட்டம் அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது. மூடியை மடியில் வைத்துக்கொண்டு, அது தானாக எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுகிறேன்.