என் மகன் இறங்கவில்லை, இரத்தம் வந்தது

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மருமகள் ஸ்டெல்லாவுக்கு எட்டாம் மாதத்திலேயே உதிரம் போகத் தொடங்கியது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையெல்லாம் இரத்தம். காசிமேட்டில் காலமெல்லாம் மீன் அறுத்து விற்றவள் நான். இரத்தம் எனக்குப் புதிதில்லை. அன்று செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினேன்.

ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், நிறைய இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவளுடையது எளிதில் கிடைக்காத குரூப்பாம். கையில் இருப்பது போதாது, வெளியிலும் கேட்டிருக்கிறோம், சொந்தத்தில் யாராவது இருந்தால் சீக்கிரம் கூட்டி வாருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

எனக்கு உயிர் திரும்பியது. என் மகன் அந்தோணிக்கும் அதே குரூப்தான். ஸ்டெல்லா மாசமான புதிதில், புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே இரத்தமா என்று நர்ஸம்மா ஆச்சரியப்பட்டது நன்றாக நினைவிருந்தது.

அந்தோணி எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டுகிறான். தொட்டி, குழாய், இரும்புச் சட்டம் எல்லாம் தூக்கி லாரியில் வைப்பான். இத்தனை வருடத்தில் அவன் தூக்கிய சுமையால் ஒரு ஆளுக்குக் கீறல் பட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். வேலை நேரத்தில் செல்லை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நானே போனேன். திருவொற்றியூர் தாண்டியும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. ஜெபமாலையைக் கையில் பிடித்திருந்தேன், எத்தனையாவது மணி என்றே தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டேன். ஒரு வீடு அளவு இரும்புத் தொட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேனின் இரும்புக் கயிறு சுற்றுகிற உருளையில் சிக்கிக்கொண்டதாம். தொட்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. யார்டில் எல்லா வேலையையும் நிறுத்தி, தொட்டிக்குக் கீழே ஒருவரும் இல்லாமல் விலக்கி, ஆட்களைக் கேட் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

கீழே நின்று அந்தோணிக்குக் கை சைகை காட்டுகிற கோவிந்தன், அவனுக்குத் தோஸ்து. அவன்தான் என்னைப் பார்த்துக் கேட்டுக்கு வந்து, வாக்கி டாக்கியை என் காதில் வைத்தான். விஷயத்தைச் சொன்னேன். மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்த என் மகன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பேசினான்.

“ம்மா, ரெண்டு பேரு மேல சிக்கு எடுக்க ரோப்புல கை வச்சுகினு கீறாங்க. நான் பிரேக்குல இருந்து கால எடுத்தா உருள சுத்தி அவங்க போய்டுவாங்க. எறங்க முடியாதும்மா.”

“வேற ஆள உக்கார வையிடா.”

“இந்த நேரத்துல ஆள் மாத்தக் கூடாதும்மா.”

“அங்க உன் பொண்டாட்டி சாவுறாடா. பெத்தவ கேக்குறேன், எறங்கு.”

“அவங்களுக்கும் பொண்டாட்டிங்க கீறாங்கம்மா,” என்றான். கோவிந்தன் வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டான்.

கேட்டோரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கல் நெஞ்சுக்காரன் என்று என் பிள்ளையைத் திட்டினேன். ஆண்டவரையும் விட்டுவைக்கவில்லை. செவ்வாய் தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதற்கு இதுதான் கூலியா என்று கேட்டேன். அவனை இறக்கிவிடும், அவனை இறக்கிவிடும் என்றே ஜெபித்தேன். தொட்டி அசையவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் அங்கே தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஜெபிக்கவும் வார்த்தை தீர்ந்துபோனது. “சேசுவே, என்னால ஆவல” என்று மட்டும் சொன்னேன்.

தலையைத் தூக்கியபோது எதிரில் நின்றவர்களின் ஹெல்மெட்டுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரத்த குரூப்பை எழுதி ஒட்டியிருந்தார்கள். அடிபட்டால் உதவும் என்று அப்படி ஒரு வழக்கம். சீட்டை விரித்துக்கொண்டு எழுந்தேன். யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தவள், ஒவ்வொரு தலையாகப் போய் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எழுத்துக்குப் பக்கத்தில் சிலுவை மாதிரி ஒரு குறி. எனக்கு வேண்டியதோ வெறும் கோடு.

“இன்னா ஆயா, தலைக்கு வெல பேசுறியா?” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் நிற்கவில்லை.

ஒன்று கிடைத்தது. வட்டம், பக்கத்தில் கோடு. அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

“இது என்னுது இல்ல ஆயா. வேலைய வுட்டுட்டுப் போனவன் போட்டுகினு இருந்தது. எனக்கு இன்னா ரத்தம்னு மெய்யாலுமே தெரியாது.”

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு எது கிடக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்களாம். அப்போதுதான் நான் உடைந்தேன். வாய்விட்டு அழுதேன். புருஷன் செத்த அன்றுகூட நான் தெருவில் அழுததில்லை.

அந்தச் சத்தம் கேட்டு, சுமைக்குக் கட்டுப் போடுகிற காதர் பாய் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர். அவர் ஹெல்மெட்டில் வட்டமும் சிலுவைக் குறியும் இருந்ததால் அவரைத் தாண்டிப் போயிருந்தேன். சீட்டை வாங்கிப் படித்தவர், ஹெல்மெட்டைக் கழற்றி வாட்ச்மேன் மேசையில் வைத்தார்.

“இதுவும் எவனுதோதான். எனக்கு உன் சீட்டுல கீற ரத்தம். என் தங்கச்சி பிரசவத்துக்கு நான்தான் குடுத்தேன். ஏந்திரும்மா, ஆட்டோ எங்க?”

மற்ற நாளாக இருந்தால் அந்நேரத்தில் அவர் யார்டின் கடைசியில் கட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். சுமை தொங்கியதால்தான் கேட்டுக்கு வந்திருந்தார். நான் எதைச் சபித்தேனோ, அதைக்கொண்டே ஆண்டவர் அவரை என் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

காதர் பாய் கொடுத்த இரத்தம் ஏறியது. ஸ்டெல்லா பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை. இதைச் சொல்லாமல் விட்டால் என் சாட்சி பாதிப் பொய்யாகிவிடும்.

சாயங்காலம் அந்தோணி வந்தான். கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண் விழித்ததும் தொட்டி தொங்கியதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த ஸ்டெல்லா அவனைப் பார்த்து, “எறங்கிடுச்சா?” என்றாள். பத்திரமாக இறங்கிவிட்டது, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கப்புறம்தான் அழுதாள். அவளே கேட்காத கணக்கை நான் கேட்க எனக்கு என்ன உரிமை? அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன்.

அந்தப் பிள்ளை ஏன் போனான் என்று இன்றைக்கும் ஆண்டவரிடம் கேட்கிறேன். ஆனாலும் அவரை விட்டு நான் போகவில்லை. முன்பெல்லாம் இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்று அவருக்கு வழி சொல்லிக்கொடுத்து ஜெபிப்பேன். இப்போது என் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பூசையில் காதர் பாய் பேரையும், கயிற்றில் கை வைத்திருந்த அந்த இரண்டு பேரையும் சொல்லாமல் நான் எழுந்ததில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இன்று ஒரு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பீர்கள். கேட்டது வரவில்லை என்று திரும்பிப் போய்விடாதீர்கள். அழுகை வந்தால் வெட்கப்படாமல் சத்தமாக அழுங்கள். உங்களுக்காக அனுப்பப்பட்டவர் காதில் அது விழ வேண்டுமே.