பதினேழாம் நேர்காணல்

என் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொடைக்கானல் மலையிலுள்ள பேத்துப்பாறையில் கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்திருந்தேன். வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்து, அந்தப் பதிவுகளை ஆய்வுத் தரவுக் காப்பகம் ஒன்றில் சேர்க்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மற்ற ஆய்வாளர்களும் கேட்டுப் பயன்படுத்தலாமாம். அதற்குப் பேசியவர்களிடம் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

படிவங்களோடு கொடைக்கானலிலிருந்து பஸ் ஏறினேன். பெரும்பாலோர் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். பூண்டுக் காட்டில் வேலை செய்யும் ஒரு அக்கா மட்டும் போடவில்லை. பெயர்களை நீக்கி எண் கொடுத்திருந்தேன், அவர் பதினேழு.

"மொதல்ல நான் என்ன பேசுனேன்னு போடுங்க டீச்சர், கேப்போம்," என்றார். கையில் நோட்டு வைத்திருந்ததால் முதல் நாளிலிருந்தே நான் அவருக்கு டீச்சர்.

செல்போனில் போட்டேன். வீட்டுக்காரர் வெள்ளனே எழுந்து தண்ணீர் எடுப்பதாகவும், அடுப்புப் பற்றவைப்பதாகவும், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவதாகவும் அவர் குரல் சொல்லிக்கொண்டே போனது. மலையூர் ஆண்கள் வீட்டு வேலையில் பங்கெடுப்பதைப் பற்றி என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் உண்டு. அது பெரும்பாலும் இந்தப் பேச்சை நம்பி எழுதியது. வாய்மொழித் தேர்வில் பாராட்டு வாங்கியதும் அதுதான்.

அக்கா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"இது பூராம் பொய்யி டீச்சர்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. நீங்க வேற அம்புட்டு சந்தோசமா எழுதிக்கிட்டிருந்தீங்க."

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்த கணவர் தலை நிமிராமல், "ஒரு நா தண்ணி எடுத்தேன்ல," என்றார்.

"டீச்சர் வந்த அன்னைக்கு," என்றார் அக்கா.

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டேன். கேட்டபோது அது நல்ல யோசனையாகவே பட்டது.

"எதுக்கு அழிக்கணும்? பேசுனது பேசுனதுதான். இப்பச் சொல்றதையும் சேத்து வையிங்க. கேக்குறவுக ரெண்டையும் கேக்கட்டும். வெரசா எடுங்க, சோலி கெடக்கு."

கணவர் தானாகவே எழுந்து வெளியே போனார். சோலி கிடக்கிறது என்றவர் ஒரு மணி நேரம் பேசினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பதிவுகளையும் ஒரு விளக்கக் குறிப்போடு காப்பகத்துக்கு அனுப்பினேன். அந்தக் குறிப்பை நான்கு முறை எழுத வேண்டியிருந்தது. முதல் மூன்றில் தவறு கேள்விப் பட்டியலுடையதாக இருந்தது, நான்காவதில்தான் என்னுடையதாக.

சில மாதங்கள் கழித்து, வேறு ஊரில் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி மின்னஞ்சல் அனுப்பினாள். இரண்டு பதிவுகளையும் கேட்டதாகவும், மிகவும் பயன்பட்டதாகவும் எழுதியிருந்தாள். மற்ற நேர்காணல்களின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்டிருந்தாள். பழைய நோட்டுகளை எல்லாம் புரட்டினேன். எதிலும் எழுதியிருக்கவில்லை. தெரியாது என்று பதில் போட்டேன்.