விரலில் இருந்த அளவுகோல்

அந்த மாடிக் கடையில் கல் பார்ப்பவளுக்கு ‘லென்ஸக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. டர்க்காய்ஸ் என்கிற வான்நீலக் கல் எது வந்தாலும், நிஜமா போலியா என்று அவள் சொல்வதுதான் தீர்ப்பு. முதல் வேலையாகக் கல்லைத் தன் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். கணவர் கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம். பதினெட்டு வருஷமாக நிறம் மாறாத நீலம். அவளுக்கு அதுதான் அளவுகோல்.

ஏழு வருஷத்துக்கு முன் நாத்தனார் தன் கழுத்து டாலரைக் காட்டி, நல்ல கல்தானா என்று ஆசையாகக் கேட்டாள். மோதிரத்தோடு வைத்தபோது அது பச்சையடித்திருந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். லென்ஸக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? போலி என்று போட்டு உடைத்தாள். அன்றோடு நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ் தன் நீலக்கல் பதக்கத்தோடு வந்தாள். லென்ஸில் பார்த்தால் கறுப்பு நரம்புகள் கல்லுக்குள் மேடுபள்ளமாக இறங்கியிருந்தன; நிஜக் கல்லின் லட்சணம். எதற்கும் இருக்கட்டும் என்று சாயத்தைக் கரைக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். பஞ்சு நீலமானது. அப்படியானால் சாயமா? மறுபடி துடைத்தாள்; வெள்ளை. மூன்றாம் தடவை நீலம். அதே கல், அதே பாட்டில். ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சைப் புரட்டினாள். கல்லைத் தொட்ட முனையில் நீலம் இல்லை. மோதிர விரல் பட்ட பக்கத்தில் இருந்தது. மோதிரத்தைக் கழற்றினாள். மேல்பூச்சு தேய்ந்த ஓரத்தில் வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது.

உங்கள் கல் நிஜம்தான் என்று நர்ஸை அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவர் தெரிந்தே வாங்கினாரா, ஏமாந்தாரா? இதன் பக்கத்தில் வைத்து எத்தனை பேர் கல்லைத் தள்ளியிருப்பாள்? எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பச்சையாவது நிஜக் கல்தான் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொன்னவள், நாத்தனாரிடம் மட்டும் எப்படி மறந்தாள்? மறந்துதான் போனாளா, இல்லை அவளை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டத் தோன்றியதா? அவளுக்கே விளங்கவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது.

போனை எடுத்தாள்.

“அந்த டாலர் நிஜக் கல்தாம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”



“அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன் அண்ணி,” என்றாள் நாத்தனார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு.”