கலியாணத்துக்குப் பிறகு எடுத்த நெஞ்சுப் படம்

என் கணவருக்கு இருமல் வந்ததை நான் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் கரம்பொனில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்பவர்களில் இருமாதவர் யார்? இவர் பதினைந்து வயதிலிருந்து சுருட்டுச் சுற்றியவர். சுற்றியதில் ஒன்றைப் பற்றவைத்துப் பார்ப்பதும் வேலைதான் என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முடியும். "எங்கட இருமல் சம்பளத்தோட வாறது" என்று பகிடி விடுவார். நானும் சிரித்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நெஞ்சுப் படம் (எக்ஸ்ரே) எடுக்கும் வண்டி எங்கள் தீவுக்கு, ஊர்காவற்றுறைக்கு, வந்தது. கசம் (காசநோய்) தேடி வரும் வண்டி. ஆனால் அந்த முறை வந்த டொக்டர் கொட்டிலுக்கே வந்து, நாற்பது தாண்டிய சுருட்டுக்காரர் எல்லோரும், இருமல் இல்லாவிட்டாலும், முதலில் வரவேண்டும் என்று சொல்லிப் போனார். புகை பிடிப்பவருக்கு நெஞ்சில் வேறொரு வருத்தமும் வரலாம், அது வெளியே தெரியமுன் பிடிக்கவேண்டும் என்றாராம்.

இவர் போக ஆயத்தமாகத்தான் இருந்தார். மறித்தது நான்.

மூத்த மகளுக்கு எங்கள் தீவிலேயே சுருவிலில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வந்தால், சாதகம் பார்க்குமுன்னே வீட்டில் கசம் உண்டா என்று விசாரிப்பார்கள். அந்த வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர் கசக்காரர்தான். படத்தில் என்ன இருந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

"கலியாணம் முடியட்டும். பிறகு யாழ்ப்பாணத்திலை போய் எடுப்பம்" என்றேன்.

"ஒரு படத்தாலை என்னப்பா வரப்போகுது?"

"உங்கட மகளின்ரை சம்பந்தம் குழம்பப்போகுது."

அவர் போகவென்று போட்ட சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

எட்டு மாதம் கழித்துக் கலியாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் இருமிவிடக் கூடாதென்று வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டு நின்றார். மகளை அனுப்பிய அதே கிழமை சளியில் இரத்தம் கண்டது.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மா, இது கசமில்லை" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கைகள் இறங்கும்வரை பொறுத்திருந்து, சுவாசப்பையில் புற்றுநோய் என்றார்.

"போன வருசம் தீவுக்கு வண்டி வந்ததே. போகேல்லையோ?"

"எனக்குத்தான் நேரம் கிடைக்கேல்லை, டொக்டர்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப பாத்திருந்தா வெட்டி எடுக்க ஏலுமாய் இருந்திருக்கும். சுகமாக்கியிருப்பம் எண்டு சொல்லேலாது. இப்ப வெட்டவும் ஏலாது."

கதிர்ச் சிகிச்சை (கட்டியைக் கதிர்களால் கருக்குவது) கொடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டார். மூன்றாம் மாதம் படுத்தவர் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த மருமகனின் தாய் என்னைக் குசினிக்குள் (சமையலறைக்குள்) கூட்டிக்கொண்டு போனார்.

"மச்சாள், உங்களிட்டை ஒண்டு மறைச்சுப்போட்டம். எங்கட வீட்டுக்காரரும் சுருட்டுக்காரன்தானே. அந்த வண்டி வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனனான். நீங்கள் அறிஞ்சா சம்பந்தம் குழம்பிப்போகும் எண்டு விடிய வெள்ளன, சனம் வரமுன், முதல் ஆளாய்ப் போய் எடுத்தனாங்கள். ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். கோவிக்காதையுங்கோ."

எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும். ஒளித்தாவது கூட்டிப் போகலாம் என்பது அவருக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்து நான் அழாத நாள் குறைவு.

உங்கள் வீட்டில் நெடுங்காலம் புகை பிடிக்கும் ஒருவர் இருந்தால் இருமலுக்குக் காத்திராதீர்கள். ஊருக்குப் பயமென்றால் ஒளித்தாவது கூட்டிப் போங்கள்.

மகளின் கலியாண நாள் வரும்போதெல்லாம் அதிலிருந்து எட்டு மாதம் பின்னோக்கி எண்ணி, வண்டி வந்த நாளில் போய் நிற்கிறேன். என் வருடம் இப்போது அங்கேதான் தொடங்குகிறது. இவருடைய புகைக்குள்ளே இருபத்தாறு வருடம் மூச்சு விட்டவள் என்று மகள் வற்புறுத்தியதால் போன மாதம் நானும் படம் எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். விடச் சொன்ன பிறகும் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். மகள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். அவரை மறித்த எனக்கு வெட்கமாக இருந்தது.