பெரியப்பாவின் பங்கு

எங்கள் வீட்டுக் குளியல்தொட்டிக்குள் ஒருமுறை அரைப் பன்றி படுத்திருந்தது. வீடு என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. இத்தாலியில், பலெர்மோ நகரின் வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், ஓர் அறை, ஒரு ஹோல், இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு குசினி. அந்த வீட்டுக்குக் குளியல்தொட்டி கொஞ்சம் ஆடம்பரம்தான். அதில் நாங்கள் குளித்ததைவிட உடுப்பு ஊறப்போட்டதுதான் அதிகம். அன்றைக்கு அதில் தோல் உரித்த காட்டுப்பன்றி, கட்டையான கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து கை கழுவப் போன நான் அப்படியே திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தேன்.

"என்னை ஒண்டும் கேக்காதை. கொப்பாவைப் போய்க் கேள்," என்றார் அம்மா.

அப்பா அப்போது லிபெர்த்தாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோரை, அதாவது ஓர் இத்தாலிய ஐயாவை, பராமரிக்கும் வேலையில் இருந்தார். சிஞ்ஞோர் இளமையிலிருந்தே வேட்டைக்காரர். முழங்காலும் கண்ணும் போன பிறகும் ஆசை போகவில்லை. தை மாதத்தோடு அந்த வருட வேட்டைக்காலம் முடிகிறது, அதற்குள் கடைசியாக ஒருதரம் மலைக்குப் போய்வர வேண்டும் என்று அடம்பிடித்தார். மகளுக்கு வேறு வழி தெரியவில்லை. அப்பாவையும் கூட அனுப்பினாள். அப்பாவிடம் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆகவே துவக்கைத் தொடக் கூடாது, சிஞ்ஞோரின் முழங்கையை விடக் கூடாது என்பதுதான் அவருக்கு இடப்பட்ட கட்டளை.

மலையில் நடந்ததை அப்பா ஹோலுக்குள் நடித்தே காட்டினார். பன்றி மண்ணைக் கிளறிய தடத்தை முதலில் கண்டவர் அவர்தான். நாடியை நீட்டிப் பற்றையைக் காட்டியிருக்கிறார். சிஞ்ஞோர் சுட்டார். அதே நேரம் பின்னால் நின்ற மருமகனும் சுட்டார். பன்றி விழுந்தது. யாருடைய வெடி பட்டது என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் சிஞ்ஞோருக்குக் கைகொடுத்தார்கள். அப்பா மட்டும் கைகொடுக்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டதுமே சிஞ்ஞோரின் முழங்கையை விட்டுவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டாராம். அதையும் எங்களுக்குப் படுத்துக் காட்டினார். நான் வயிறு நோகச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அம்மாவுக்குப் பகிடி விளங்குவது குறைவு என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

சுட்ட கையோடு பன்றியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. மிருக வைத்தியர் ஒரு துண்டை வெட்டிச் சோதித்து, நோய் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இரண்டொரு நாளில் எழுதித் தந்துவிட்டார். "பண்டிக்குப் பேப்பர் வந்திட்டுது. எங்கடை விசாப் பெர்மெஸ்ஸோ இன்னும் பொலிஸ் குவெஸ்தூராவிலை கிடக்கு," என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாதி மலையிலேயே பங்குபோய்விட்டது. மற்றப் பாதியைச் சிஞ்ஞோரின் மகள் தன் சலவைக்கல் நிலத்தில் வைத்து வெட்ட விடமாட்டேன் என்றாள். அதனால்தான் அது எங்கள் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

தோலை உரித்துவிட்டார்களே என்பதுதான் அப்பாவின் ஒரே மனக்குறை. இலங்கையில், வன்னியில் பன்றியைத் தோலோடு நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டித்தான் வெட்டுவார்களாம். அப்பாவின் ஊர் அங்கே காட்டோரம் இருந்தது. பெரியப்பாதான் வேட்டைக்காரர், அப்பா நாய்களோடு ஓடுகிற தம்பி. மரையோ பன்றியோ விழுந்தால், போனவர்கள் எல்லோருக்கும் சம பங்கு. காய்ச்சல் வருத்தமாய்ப் படுத்திருப்பவனுடைய பங்கும், வெளியூர் போயிருப்பவனுடைய பங்கும் அவனவன் வீட்டுக்குப் போய்விடும். செத்தவனுக்குப் பங்கு கிடையாது. அவன் வீட்டுக்கு எல்லோரும் தங்கள் தங்கள் பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுப்பார்கள். அது இரக்கம், பங்கு அல்ல. இந்தச் சட்டங்களையெல்லாம் அப்பா கத்தி தீட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார். நானும் ஒரு விளையாட்டின் விதிகளைக் கேட்பதுபோலக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவை நான் கண்டதில்லை. யுத்தம் முடிந்த நாட்களில், ஆமிக்காரர் பெயர் பதியவென்று கூட்டிக்கொண்டு போனார்களாம். அதன் பிறகு வரவில்லை. பெரியம்மா வன்னியில் அதே காணியில் தனியே இருந்தார். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு இருக்கும். பெரியம்மாவுக்கு அலங்காரமாய் வெளிக்கிட்டுக்கொண்டு இருப்பதில் விருப்பம் அதிகம் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கிழமை மேல்வீட்டு அன்ரி தன் தம்பியின் கலியாணத்துக்கு இலங்கை போக இருந்தார். அப்பாவிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற கடவுச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. ஆகவே அன்ரியின் பெட்டியில் பெரியப்பாவின் பங்கை வத்தலாக்கி, தேனில் போட்டு, பெரியம்மாவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். வேட்டையிலிருந்து வந்த நாள் முதல் அவருடைய வாயில் வேறு கதையே இல்லை.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தைப்பூச விரதம் வேறு. குசினித் தட்டில் இருந்த சுவாமிப் படங்கள் எல்லாம் அறைக்குள் அலுமாரியின் மேல் குடிபெயர்ந்துவிட்டன. விடியப்புறம் பொலிதேயாமாப் பக்கம் ஒப்பீஸ்கள் கூட்டிவிட்டு வருகிற அம்மா, மூக்கைச் சால்வைத்தலைப்பால் பொத்திக்கொண்டுதான் ஹோலைக் கடந்தார். ஆனால் அம்மாவின் கோபம் விரதத்தால் வந்தது அல்ல.

"அனுப்பிறதெண்டா இறைச்சி எண்டு அனுப்புங்கோ. உங்கடை அண்ணாவின்ரை பங்கு எண்டு சொல்லி அனுப்பாதேங்கோ," என்றார் அம்மா. "அந்த மனிசி எவ்வளவு காலத்துக்குத்தான் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது? நீங்களும் சேர்ந்து இருத்தி வைக்கிறியள்."

அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

கத்தியும் மரக்குற்றியும் கீழே இறைச்சிக்கடைக்காரர் தந்த இரவல். ஹோலில் பிளாஸ்டிக் விரித்து, அப்பா மூட்டு மூட்டாகப் பிரித்தார். எலும்பில் கத்தி படும் சத்தமே அதிகம் கேட்கவில்லை. என்னை உப்பும் மஞ்சளும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கச் சொன்னார். வெட்டி முடிந்ததும் கூறு கூறாக வைத்தார். ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், விலா கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு. ஒரு கூறு பெரிதாய்த் தெரிந்தால் அதிலிருந்து கிள்ளி மற்றதில் வைப்பார். எட்டி நின்று பார்ப்பார், பிறகு மறுபடியும் கிள்ளுவார்.

பங்கு சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. ஒருவர் இறைச்சிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மற்றவர் ஒரு கூறைத் தொட்டு, இது ஆருக்கு என்று கேட்பார். பாராமல் நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். அது அவருக்கு. அப்படிச் செய்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. பெயர் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை வீட்டில் என்னிடம் எதையும் பொறுப்பாகத் தந்ததில்லை. நான் பெருமையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆருக்கு?"

"சிஞ்ஞோருக்கு."

"இது?"

"கத்தி தந்த மாமாவுக்கு." இறைச்சிக்கடைக்காரருக்கே இறைச்சி கொடுக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது?"

"எங்களுக்கு."

"இது ஆருக்கு?"

என்னிடம் பெயர் முடிந்துவிட்டது. இன்னொரு கூறு இருப்பது எனக்குத் தெரியும். யாருக்கு என்பதும் தெரியும். ஆனால் அம்மா சொன்னதும் காதில் இருந்தது. யாருடைய பக்கம் நிற்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன். அப்பா மறுபடியும் கேட்டார். அவருடைய குரல் முன்னையைவிடத் தாழ்ந்திருந்தது. மூன்றாம் முறையும் கேட்டார். அது என்னைக் கேட்டதுபோல இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பங்கு பிழைத்துவிடும் என்ற பயத்தில் நான் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறைச்சி இருக்கும் பக்கமே வரமாட்டேன் என்றிருந்த அம்மாவின் குரல் எனக்குப் பின்னால் மிகக் கிட்டக் கேட்டது.

"பெரியப்பாவுக்கு எண்டு சொல்லு பிள்ளை."

"பெரியப்பாவுக்கு," என்றேன்.

நான் திரும்பியபோது அம்மா மஞ்சள் பட்ட நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா தோளால் கண்ணைத் துடைத்தார். கையெல்லாம் இறைச்சி என்பதால் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாடா நாடாவாகச் சீவி, உப்பும் மஞ்சளும் பூசிய இறைச்சியை அப்பா பல்கனியில் உடுப்புக் காயவிடும் கயிற்றில், உடுப்புக் கவ்விகளாலேயே மாட்டியிருந்தார். கீழ்வீட்டு சிஞ்ஞோரா மழைக்குப் பயந்து தன் வெள்ளை விரிப்புகளை எடுக்க வந்தபோது, அவற்றில் மஞ்சள் பொட்டுகள் விழுந்திருப்பதைக் கண்டார். சந்து முழுவதும் எங்கள் பெயர் கேட்டது. அம்மா போய் விரிப்புகளை வாங்கிவந்து தோய்த்துக் கொடுத்தார். வத்தல் காயவே இல்லை. அன்ரியின் பயணமோ கிட்டிக்கொண்டே வந்தது.

புகைதான் வேண்டும் என்றார் அப்பா. வீட்டுக்குள் புகை போட்டால் தீயணைப்புக்காரர் வருவார்கள். பலெர்மோவில் புகைக்கா பஞ்சம்? சந்தின் முனையில் பின்னேரமானால் ஒருவர் ஸ்திக்யோலா சுடுவார். ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரி அடுப்பில் வாட்டுகிற அந்தப் புகையில், எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாது. அப்பா அவரிடம் போய், அடுப்புக்கு மேலே தகரத்தின் கீழ் ஒரு கம்பி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புகைக்கு நான் காசு வாங்குவதில்லை என்றார். வேலை முடிந்து வந்த அப்பா, குடையோடு அந்த அடுப்படியில் காவல் நின்றார். சாப்பிட வந்தவர்கள் கம்பியைக் காட்டி அது என்ன விலை என்று கேட்டார்கள். அது என் அண்ணாவுடையது என்று அப்பா இத்தாலியனில் சொன்னார். அவர்களும் அண்ணாவைத் தேடுவதுபோல அங்கும் இங்கும் பார்த்தார்கள்.

வத்தல் கறுத்து, சுருண்டு, விறைத்து வந்தது. தோடம்பழப் பூவில் எடுத்த தேனை வாங்கிவந்து ஒரு பெரிய போத்தலில் அடைத்தார் அப்பா. காட்டுத்தேன் அளவுக்கு வராது என்று ஒரு குறையும் சொன்னார். எல்லாம் முடிந்து மேல்வீட்டுக்கு ஏறிப்போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார். அன்ரி மறுத்துவிட்டார். அவரை ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டிக்குள்தான் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலை இருந்தது. கூறையோடு பன்றி இறைச்சியை யார் வைப்பார்கள்?

அப்பா போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மறுநாள் தைப்பூசம், அதற்கடுத்த நாள் பயணம். அம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கி, புதுத் துணியால் சுற்றி, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நெற்றியில் விரதத் திருநீறு அப்படியே இருந்தது.

"தங்கச்சி, இவர் வந்து சொன்னதை விடுங்கோ," என்றார் அம்மா. "இது தேன். எங்கடை அக்காவுக்கு."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்ரி போத்தலை வாங்கித் துணியை விலக்கினார். உள்ளே கறுப்பாய் ஏதோ தெரிந்திருக்கும். அப்பா வத்தலோடு ஏறி இறங்கியதில் சில நாளாக அந்தப் படிக்கட்டு முழுவதும் புகைமணம். அன்ரிக்கு மூக்கு இல்லாமல் இல்லை. அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"தேன் எண்டாக் கொண்டுபோகலாம் அக்கா," என்று சொல்லி, தன் துவாயை எடுத்து அதன்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினார். "தேனுக்கென்ன, நல்ல சாமான்."

போத்தல் உடையாமல் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீடியோவில் வந்தார். அதே பெரிய பொட்டு. பங்கு சொன்ன ஆள் நான் என்பதால், முதலில் கதைக்கும் உரிமையும் எனக்குத்தான் என்று போனைப் பறித்துக்கொண்டேன்.

"பெரியம்மா, வத்தல் நல்லா இருந்ததோ?"

"இன்னும் திறக்கேல்லைப் பிள்ளை," என்று சிரித்தார் பெரியம்மா. "பெரியப்பா வரட்டும். அவரின்ரை பங்கெல்லே, நான் எப்பிடித் தொடுறது?"

எனக்கு ஏமாற்றமாய்ப் போய்விட்டது. மழை, கீழ்வீட்டுச் சண்டை, அப்பா குடையோடு நின்றது, அம்மா சொன்ன பொய் எல்லாமே வீணா? நான் போனைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் திரும்பினேன்.

"அப்பா, பெரியம்மா இன்னும் சாப்பிடேல்லையாம். அங்கை வெக்கையெல்லே, பழுதாப் போயிடாதோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கீரை ஆய்ந்தார்.

"தேனுக்குள்ளை கிடந்தா ஒண்டும் ஆகாது," என்றார் அப்பா. "எவ்வளவு காலமும் இருக்கும்."

தன் கைவேலையைப் பற்றிப் பெருமை அடிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி எவ்வளவு காலமும் இருக்கும் என்றால் எங்களுக்கும் ஒரு போத்தல் போட்டு வைத்திருக்கலாமே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கவலை.