வேகம் குறையும்போது சாயும் தட்டு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நான்கு பேர் முன்னால் பேசவே கூசுவேன். நான் போய் நோயைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒருநாள் காலை அடுப்பிலிருந்து பாலை இறக்கித் திரும்பினேன். சமையலறையும் கூடவே திரும்பியது. நான் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. பிறகு நானும் தரையில்தான் கிடந்தேன். கண்ணை மூடினாலும் சுற்றியது.

பித்தம் என்று பக்கத்து வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அதுவும் வாந்தியில் போனதும் என் கணவர் ஆட்டோ பிடித்தார்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் வெகுநேரம் என் கண்களையே பார்த்தார். வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உடம்பின் நிலையை உள்காதிலிருந்து மூளைக்குச் சொல்லும் நரம்பில் அழற்சி) என்றார். இடது காதுப் பக்கம். ஸ்கேனில் மூளைக்குக் கோளாறு ஒன்றும் தெரியவில்லை.

“நரம்பு முழுசாத் தேறாமயும் போகலாமுங்க. ஆனா மூளை பழகிக்கும். மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் நல்லா நடமாடோணும்.”

நடமாட வேண்டும் என்பது மட்டும் எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. தலையைத் திருப்பாமல், கூப்பிட்டால் உடம்போடு திரும்பி, பொம்மை மாதிரி இருந்தேன். எழுந்தாலே கணவர், “நீ உக்காரு அம்மணி, நான் பாத்துக்கறேன்” என்பார். அன்புதான். ஆனால் வாரங்கள் போயும் நான் தேறவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் பம்ப்செட் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுவது என் வேலை. செம்புக் கம்பி சுற்றும் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காரியம் அது. முதலாளி போனில், “உடம்பப் பாருங்க அம்மணி. இந்த மாசம் முடியற வரைக்கும் உங்க எடத்துல ஆள் போடலீங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் என்ன ஆகும் என்பதும் எனக்குப் புரிந்தது.

பயந்துபோய் மறுபடி மருத்துவமனைக்குப் போனேன். இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தருபவர்) அனுப்பினார்கள். இளம்பெண். என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தேன்.

“தலைய ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கீங்கக்கா. அதுதாங்க பிரச்சனையே.”

கட்டைவிரலைப் பார்த்தபடியே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும் பயிற்சி கொடுத்தார். கூடவே, “எங்க வீட்டுப் பக்கத்துப் பூங்காவுல ஞாயித்துக்கெழமை டிஸ்க் கோல்ஃப் வெளையாடறமுங்க. பறக்கற தட்டைக் கண்ணால தொரத்தோணும். உங்களுக்கு நல்லது. வாங்க” என்றார்.

கோல்ஃபில் பந்தைக் குழியில் தள்ளுவார்கள். இதில் பிளாஸ்டிக் தட்டை வீசிக் கூடையில் விழவைக்க வேண்டும். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும், கீழே கூடை இருக்கும். புதிதாகப் பழகுபவர்களுக்கான சின்ன இடம். வேப்பமரங்களுக்கு நடுவே ஆறே கூடைகள். ஒன்றில் யாரோ டிபன் பையை மாட்டியிருந்தார்கள்.

நானும் கணவரும் போனபோது, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள்.

“நீங்க போடுங்க,” என்றார் என் கணவர் கண்டக்டரிடம்.

“அட, மொதல்ல நீங்க போடுங்க.”

“பெரியவங்க இருக்கையில நாங்க எப்படிங்க?”

“இப்படியே நின்னா வெயில் வந்துருமுங்க,” என்றார் இயன்முறை மருத்துவர். முதல் வீச்சுக்குப் பிறகு, கூடையிலிருந்து யார் தட்டு அதிக தூரத்தில் கிடக்கிறதோ அவர்தான் அடுத்து வீச வேண்டும் என்பது விதியாம்.

ஆளுக்கொரு முறை வீசினோம். என் தட்டு வேப்பமரத்தில் பட்டு என் காலடிக்கே வந்தது. அதனால் அடுத்ததும் நான். அதற்கடுத்ததும் நான். எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் என் பழக்கம். இங்கே மோசமாக வீசியவளுக்கே முதல் மரியாதை.

“போங்கம்மா, முன்னாடி போங்க. உள்ள எடமிருக்குது,” என்று கண்டக்டர் பஸ்ஸில் கத்துகிற குரலில் கத்தினார். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன். விழவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஒன்றைக் கவனித்தேன். நேராக வீசினாலும் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்ந்தது.

“எனக்கும் அப்படித்தான் கண்ணு,” என்றார் கண்டக்டரின் மனைவி. “வேகம் கொறஞ்சா எடது பக்கம் போயிருது.”

எனக்குச் சட்டென்று என் நடை நினைவுக்கு வந்தது. நானும் இடப்பக்கம்தானே சாய்கிறேன்? இரண்டு கூடைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தேன். புல்லைத் தாண்டி இடப்பக்கம் மண்ணுக்கு வந்துவிட்டேன். திரும்பி வேகமாக நடந்தேன். ஏறக்குறைய நேராக வந்தேன். மறுபடி மெதுவாக. மறுபடி வேகமாக.

“ஏம்புள்ள, எதையாச்சும் தொலச்சுப்போட்டியா?” என்றார் கணவர்.

“இல்லீங்க. ஒண்ணு பாத்துட்டிருக்கறேன்.”

இயன்முறை மருத்துவரிடம் கேட்டேன். “ஆமாங்கக்கா. ஒரு பக்க நரம்பு கெட்டவங்க மெதுவா நடந்தாத்தான் அதிகமாச் சாய்வாங்க. நான் இதச் சொல்லவே இல்லையே,” என்றார். தட்டு சாய்வதற்குக் காரணமே வேறு என்றும் சொன்னார். இருக்கட்டும். தட்டைப் பார்த்ததால்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

படித்ததை நம்பி நீங்கள் தனியாக வேகமாக நடந்துவிட வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். என் கணவர் முதலில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு கூட நடந்தார். பிறகு, “மெதுவாப் போ, எனக்கு மூச்சு வாங்குது” என்றார்.

மாதத்தின் கடைசி ஞாயிறு என் தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். சங்கிலிகள் ஆடிக்கொண்டிருந்தன. அவை ஓயும்வரை பார்த்தேன். வேறெதுவும் ஆடவில்லை.

நிற்பது ஒரு வேலை என்று முன்பு எனக்குத் தெரியாது. இப்போது எழுந்ததும் ஒரு நொடி காத்திருக்கிறேன். இடது காது சொல்வதைப் பாதிதான் நம்ப முடியும் என்பதால், கண்ணும் பாதமும் என்ன சொல்கின்றன என்று உடம்பு விசாரித்துக்கொள்கிறது. அந்த ஒரு நொடி எனக்கு நீளமாகத் தெரிகிறது. அதில் அவசரப்படுவதில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். கம்பி சுற்றும் இயந்திரத்தின் முன் மதியம் வரை உட்கார்ந்தேன். சாப்பிட்ட பிறகு லேசாகச் சுற்றியது. ஒரு மோட்டாரை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள்.